நெல்லை ரோட்டுக்கு எஸ்யூவி டயர்: மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் எக்ஸ்யூவி 500-க்கு நாலு டயரும் மாற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது, நாற்பதாயிரம் கிலோமீட்டரும் தாண்டியாச்சு. போட்டது மிச்செலின் பிரைமசி எஸ்யூவி, 235/65 ஆர்17, அதாவது வண்டியோடு வந்த அதே அளவு.

பழைய டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற பக்கத்து வரிக்கட்டை, இருந்தது. தேய்மானக் குறி 1.6 மி.மீ., அதுவரை இறங்கவே இல்லை. ஆனால் ரப்பர் இறுகிப்போய் சைடில் மெல்லிசாக வெடிப்பு ஓடியிருந்தது, வெயிலில் வருஷக்கணக்காக நின்ற டயருக்கு அப்படித்தான் ஆகும். குற்றால சீசனில் தென்காசி பக்கம் சாரல் விழுந்த ரோட்டில் லேசாக பிரேக் மிதித்தாலே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும் பிரேக் அமைப்பு) துடிக்க ஆரம்பித்தது. பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஓட்ட மனசு வரவில்லை. கொட்டுகிற மழையாவது ரோட்டைக் கழுவிவிடும். இந்தச் சாரல் எண்ணெயையும் புழுதியையும் குழைத்து அப்படியே விட்டுவிடும், வழுக்குவது அதில்தான்.

கடையில், “ஏடி போடுங்க அண்ணாச்சி, வண்டி கம்பீரமா இருக்கும்லா” என்றார்கள். இருக்கும்தான். ஆனால் ஏடி டயர், அதாவது ஆல்-டெரெய்ன், சேற்றுக்கும் கல்லுக்கும் செய்தது, எடை கூடுதல், தார்ரோட்டில் இரைச்சல், ஈர ரோட்டில் நிற்கிற தூரமும் பொதுவாக அதிகம். நம்ம ஓட்டம் பெரும்பாலும் மதுரை, நாகர்கோவில், தென்காசி என்று தார்ரோடுதான். எப்போதாவது மாஞ்சோலை மலை ஏறுவதற்காக மீதி நாளெல்லாம் ஈரப்பிடிமானத்தை விட்டுக்கொடுப்பதா? எனக்குச் சரியாகப் படவில்லை. ரொம்ப நாள் உழைக்கும் என்று சொல்லிக் காட்டிய டயரையும் அதனால்தான் எடுக்கவில்லை. உழைப்புக்காக ரப்பரை இறுக்கமாகச் செய்தால் ஈரத்தில் பிடிப்பு குறைய வாய்ப்புண்டு.

அப்புறம் தேதி. டயரின் சைடில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றால் 2023-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. முதலில் எடுத்து வந்த செட் பழையதாக இருந்தது, வேறு கேட்டு வாங்கினேன். பாரக்குறியீடும் முக்கியம். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைந்த எண் வேண்டாம், ஊர்க் கோயில் கொடைக்கு ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாகக் கிளம்புகிற வண்டி இது.

மூன்று வருஷத்தில் மனசுக்கு நிறைவாக இருந்தது ஈர ரோட்டுப் பிடிமானம்தான். புளியரை எஸ் வளைவில், முன்னால் கேரளா லாரி திடீரென்று நின்றபோதும் வண்டி நேராக, பதறாமல் நின்றது. ஐப்பசி மழையில் நாலுவழிச்சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும் எந்த டயரானாலும் 80-க்குக் கீழே இறங்கிவிடுங்கள், தண்ணீர்மேல் டயர் மிதந்துவிட்டால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஆனி, ஆடியில் பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்று வண்டியைத் தள்ளுவதை டயர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆனால் காற்றழுத்தம் குறைந்திருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் அளந்து பிடியுங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

சத்தம் குறைவு. மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. பத்தாயிரத்துக்கு ஒருமுறை முன்பின் மாற்றி, அலைன்மென்ட் பார்த்ததில் நாலும் ஒரே சீராகத் தேய்ந்து, இப்போது நாலு மில்லி பட்டன் இருக்கிறது. விலை ஜாஸ்திதான், ஆனால் திரும்ப எடுப்பதானாலும் இதையேதான் எடுப்பேன். தார்ரோட்டுக்கான ஹைவே டயர் என்பதால் கூரான சல்லியில் மட்டும் மெதுவாக ஏற்றுகிறேன், சைடு கிழிந்தால் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டும்.

காசு இடித்து இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பல கடைகளில் முன்னால்தான் மாட்டுவார்கள், கேட்டால் என்ஜின் பாரம் என்பார்கள். ஈரத்தில் முன்டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துப் பிடித்துவிடலாம். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.