தோல் பெல்ட்டும் என் நாரியும்: மூன்று வருடம் பாவித்த பிறகு

பாரம் தூக்கும்போது நாரியைச் (கீழ்முதுகை) சுற்றிக் கட்டும் என் பெல்ட்டின் தையல் போன கிழமை விட்டுவிட்டது. பக்கிளைப் பிடித்திருக்கும் மடிப்பில் ஒரு பக்க நூல் முழுக்க அறுந்திருந்தது. கிளிநொச்சியில் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். தோலை விரலால் மடித்துப் பார்த்துவிட்டு, "தோலில ஒரு பிழையும் இல்லைத் தம்பி, நூல்தான் சரியில்லை" என்றார். அன்று இரவே மாங்குளத்திலிருந்து நண்பன் கேட்டான்: "மச்சான், எனக்கு நாரி பலமில்லை. டெட்லிஃப்ட் செய்ய உன்ர மாதிரி ஒரு பெல்ட் வாங்கட்டோ?" டெட்லிஃப்ட் என்றால் நிலத்தில் கிடக்கும் பாரத்தைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெல்ட் 10 சென்ரிமீற்றர் அகலம், 13 மில்லிமீற்றர் தடிப்பு. தோல் அருமையான தோல். ஒரு மாரியில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. துடைத்து நிழலில் காயப்போட்டேன், போய்விட்டது. இன்றுவரை வளையவில்லை, வெடிக்கவில்லை.

ஆனால் அந்த இரட்டை முள் பக்கிள்! சித்திரை வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்வையில் ஊறிய தோலில் இரண்டு முள்ளும் ஒன்றாக ஓட்டைக்குள் போகாது. ஒன்று போனால் மற்றது விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். கழற்றுவது அதைவிட மோசம். ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்கி இழுத்தால்தான் முள் வெளியே வரும். 120 கிலோவை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும் நேரத்தில் இந்தப் போராட்டம். மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான்.

இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. அது பெல்ட்டை நான் பாவித்த விதத்தில் வந்தது. முதல் வருடம் 60 கிலோவுக்கும் கட்டினேன். பாரம் கூடக்கூட நாரி பலப்படுகிறது என்று நம்பினேன். அரிவு வெட்டு முடிந்து, பரந்தன் பக்க வயலில் விடியற்காலை ஒரு நெல் மூடையைத் தூக்கக் குனிந்தேன். அந்த இடத்திலேயே நாரி பிடித்தது. உழவு இயந்திரப் பெட்டியைப் பிடித்தபடி கால் மணி நேரம் நிமிர முடியாமல் நின்றேன்.

கால் விறைக்கிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுதான் இயன்மருத்துவர் முதலில் கேட்டார். இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்கக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். எனக்கு இல்லை. அப்புறம் அவர் சொன்ன ஒரு விடயம் வயல்காரர் எல்லோரும் அறியவேண்டியது. இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். அதனால் எழும்பி முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிந்தால் நாரிக்குச் சுமை கூட. நாங்களோ அந்த நேரத்தில்தான் வயலில் குனிகிறோம்.

பெல்ட்டை நாலு மாதம் ஆணியில் தொங்கவிட்டேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளை நாள்தோறும் செய்தேன். ஒரு முழங்காலை மடித்து மல்லாந்து கிடந்து தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இடுப்பை உயர்த்துவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றும் 10 விநாடிப் பிடிப்பு. நீட்டிப் பிடிப்பதைவிடத் திருப்பித் திருப்பிச் செய்வதுதான் முக்கியம்.

குனியும் முறையைத் தும்புத்தடி கற்றுத்தந்தது. தடியை முதுகில் நெடுக வைத்தால் பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் படவேண்டும். மூன்றும் தொட்டபடியே இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியவேண்டும். ஒன்று விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கிழமை வெறும் தடி. பிறகு 20 கிலோ இரும்புத் தண்டு, அதுதான் பார். அதில் மாட்டும் எடைத் தட்டுகளுக்குக் கீழே கட்டை வைத்து பாரை முழங்கால் மட்டத்துக்கு உயர்த்தினேன், கட்டையை மெல்ல மெல்லக் குறைத்தேன். கிழமைக்கு 2.5 கிலோவுக்கு மேல் கூட்டவில்லை. வாங்கில் குப்புறப் படுத்து, காலைத் தம்பி அமத்த, இடுப்புக்கு மேல் உடம்பை அந்தரத்தில் நேராகப் பிடிப்பேன். தொடக்கத்தில் 38 விநாடி. நாலாம் மாதம் 1 நிமிடம் 50 விநாடி. அன்றைக்கு வந்த சந்தோசம் 120 கிலோ தூக்கியபோதும் வரவில்லை.

அதன்பிறகு பெல்ட்டைக் கட்டியபோதுதான் அதன் அருமை விளங்கியது. வயிற்றுக்குள் மூச்சை இழுத்து, வயிற்றைச் சுற்றிவரப் பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளவேண்டும். உள்ளழுத்தம் ஏறி நாரி தூண் மாதிரி நிற்கும். அந்தத் தள்ளலைப் பழக்கியது பெல்ட்தான். இப்போது மூடை தூக்கும்போதும் அது தானாக வருகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இப்படி மூச்சடக்க வேண்டாம்.

இவ்வளவு புகழ்ந்தாலும் நண்பனுக்கு "வாங்காதே" என்றுதான் சொன்னேன். பலமில்லாத நாரிக்குப் பெல்ட் கட்டுவதில் எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. ஆறு மாதம் தும்புத்தடி பிடிக்கட்டும். பிறகும் வேண்டுமென்றால் ஒற்றை முள் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும்.

என்னுடையதில் ஒரு முள்ளை வெட்டிவிடச் சொன்னேன். ஐயா குறட்டால் ஒரே நறுக்கு. நேற்று கட்டினேன், ஒரே இழுப்பில் பூட்டிக்கொண்டது.