எஸ்டிஏவா, எஸ்டிசியா? லினக்ஸ் ரெய்டு 1-உடன் ஏழு ஆண்டுகள்

லினக்ஸின் எம்டி மென்பொருளைக் கொண்டு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை, ஒரே தரவை இரண்டிலும் பிரதியாக வைக்கும் ரெய்டு 1 ஆக இணைத்து ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கேபிள்கள் இடம் மாறிவிட்டால் தன் உறுப்பு டிஸ்க்குகளை அது எப்படி அடையாளம் காணும் என்ற ஐயம் தொடக்கத்தில் இருந்தது. மூன்றாம் ஆண்டில் மதர்போர்டை மாற்றியபோது விடை கிடைத்தது. அதுவரை லினக்ஸில் எஸ்டிஏ (sda) என்ற பெயரில் இருந்த டிஸ்க் எஸ்டிசி (sdc) ஆகிவிட்டது. ஆனாலும் ரெய்டு வழக்கம்போல் இயங்கியது.

அந்த எழுத்துகள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டறியும் வரிசையில் சூட்டும் தற்காலிகப் பெயர்கள் மட்டுமே. எம்டி பார்ப்பது ஒவ்வோர் உறுப்பிலும் எழுதப்பட்டிருக்கும், ரெய்டு பற்றிய விவரங்கள் அடங்கிய சூப்பர்பிளாக் என்ற சிறு பகுதியை. சூப்பர்பிளாக்கின் 1.2 வடிவத்தில் அது உறுப்பின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். ரெய்டு முழுமைக்கும் பொதுவான யுயுஐடி (தனித்துவ அடையாள எண்), அந்த உறுப்புக்கு மட்டுமே உரிய யுயுஐடி, ரெய்டில் அதன் இடம், ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் கூடும் நிகழ்வு எண்ணிக்கை ஆகியவை அதில் உள்ளன.

இவற்றுள் நிகழ்வு எண்ணிக்கையின் அருமையை நான் பிறகுதான் உணர்ந்தேன். ஒருமுறை கேபிள் தளர்ந்து ஒரு டிஸ்க் விலகிவிட, மற்றொன்று மட்டும் சில நாள் ஓடியது. கேபிளைச் சரிசெய்த பின்னும், எண்ணிக்கையில் பின்தங்கிய டிஸ்க்கை எம்டி சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவே சரி, சேர்த்திருந்தால் பழைய தரவும் புதிய தரவும் கலந்து வாசிக்கப்பட்டிருக்கும். மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்ததால், மீண்டும் இணைத்தபோது அப்பகுதிகள் மட்டும் நகலெடுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

குறையும் உண்டு. யுயுஐடி மென்பொருளுக்குப் போதும்; பெட்டியைத் திறந்து பழுதான டிஸ்க்கைக் கழற்றுபவருக்கு அது உதவாது. ஆகவே சீரியல் எண்ணை எழுதி ஒவ்வொரு டிஸ்க்கின் விளிம்பிலும் ஒட்டியிருக்கிறேன். கழற்றிய டிஸ்க்கை வேறு பணிக்குப் பயன்படுத்துவதற்கு முன் சூப்பர்பிளாக்கை அழிப்பதும் அவசியம். நான் மறந்தபோது, அது வேறொரு கணினியில் எம்டி127 என்ற அரைகுறை ரெய்டாக எழுந்தது.

சூப்பர்பிளாக் இறுதியில் இருக்கும் 1.0 வடிவத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அத்தகைய உறுப்பு வெளிப்பார்வைக்குச் சாதாரணக் கோப்பு முறைமையாகவே தெரிவதால், அதைத் தனியே ஏற்றி (மவுண்ட் செய்து) எழுதிவிட வாய்ப்பு உண்டு. அப்படி எழுதினால் நிகழ்வு எண்ணிக்கை மாறாது, இரு பிரதிகளும் வேறுபட்டதை எம்டி அறியாது. இதற்காகவே மாதந்தோறும் இரு டிஸ்க்குகளையும் முழுமையாக ஒப்பிடும் சோதனையை ஓட்டுகிறேன்.