உதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதுமா? நாய், பூனைகளின் பல் பரிசோதனை முறைகள்: ஓர் ஒப்பீடு

தடுப்பூசி போடும்போது மருத்துவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லா இருக்கு" என்கிறார். இன்னொரு மருத்துவரோ, மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்-ரே எடுத்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார். வளர்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விழித்திருக்கும் பிராணியின் வாயைப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு அது போதாது.

அதற்காக விழிப்புநிலைப் பரிசோதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. செலவு குறைவு, ஆபத்து இல்லை, மருத்துவரிடம் போகும்போதெல்லாம் செய்யலாம். கைதேர்ந்த மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நாயின் கண்ணுக்குக் கீழே வீக்கம் இருந்தால், மேல்தாடையின் பெரிய முன்கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிடும். வாய் நாற்றம், ஈறு ஓரச் சிவப்பு, உடைந்த பல், காரை எல்லாம் இதில் தெரியும். சில விஷயங்களில் எக்ஸ்-ரேயைவிடக் கண்ணே முந்திக்கொள்ளும். உட்புறமாக ஊதா அல்லது சாம்பல் நிறம் ஏறிய நாய்ப் பற்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் 92.2 சதவீதத்தில் பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ் பகுதியாகவோ முழுதாகவோ செத்துப்போயிருந்தது. அவற்றுள் கணிசமானவை எக்ஸ்-ரேயில் எந்தக் குறையையும் காட்டவில்லை.

ஆனால் பல்லின் நாக்குப் பக்கத்தை எந்த நாயும் நிதானமாகக் காட்டாது. பூனை அதைவிடக் கறார். ஈறுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதோ யாருக்குமே தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு சோதனைப் பட்டை உண்டு. ஈறு ஓரமாகத் தேய்த்தால், பாக்டீரியா உண்டாக்கும் தயால் என்ற கந்தகச் சேர்மத்தின் அளவுக்கேற்ப சில வினாடிகளில் நிறம் மாறும். நோய் இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்தப் பல்லில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லாது. "நல்லாத்தானே சாப்பிடுது" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுபவருக்குக் கண்முன் காட்ட நல்ல கருவி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை.

மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் உண்மையான கணக்கெடுப்பு தொடங்குகிறது. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, புரோப் என்ற மெல்லிய கம்பிக் கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றிப் பல இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. மேல்தாடை வலது கோரைப்பல் 104, இடது கோரைப்பல் 204. மருத்துவர் எண்ணையும் ஆழத்தையும் சொல்லச் சொல்ல உதவியாளர் அட்டவணையில் குறித்துக்கொண்டே வருவார். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. பூனைக்கு அரை மில்லிமீட்டர்தான் இயல்பு என்பதால், நாயின் வாயில் கவலை தராத அளவு பூனையின் வாயில் முற்றிய நோயாகிவிடும்.

டாக்ஸ்ஹண்ட் போன்ற நீண்ட மூக்குள்ள நாய்களின் மேல் கோரைப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும். அண்ணப் பக்கத்தில் புரோபை விட்டால் சில நாய்களில் வேர் நெடுக இறங்கும். சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் எட்டிப்பார்க்கும். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே எலும்பு கரைந்து ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். அதுவரை வீட்டில் தெரிந்த அறிகுறி தும்மல் மட்டுமாகவும் இருந்திருக்கலாம்.

புரோபும் எலும்புக்குள் பார்க்காது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், வெளியே எந்தக் குறையும் தெரியாத பற்களை எக்ஸ்-ரே எடுத்தபோது, நாய்களில் 27.8 சதவீதத்திலும் பூனைகளில் 41.7 சதவீதத்திலும் சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய நோய் தென்பட்டது. பூனைக்கு இது மிக முக்கியம். பூனைகளுக்குப் பல்லே கரைந்துபோகும் ஒரு நோய் உண்டு. வேர் எலும்போடு எலும்பாகக் கரைந்துவிட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். வேர் முழுதாக இருந்தால் அதையும் பிடுங்கியாக வேண்டும். எது என்று எக்ஸ்-ரே இல்லாமல் முடிவு செய்வது பூனைக்குச் செய்யும் அநியாயம். முகம் சப்பையான நாய், பூனைகளுக்குப் பல் நெருக்கம் அதிகம் என்பதால், வசதி இருந்தால் முப்பரிமாணப் படம் தரும் கோன் பீம் சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். மற்றவற்றுக்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் எக்ஸ்-ரே தாராளமாகப் போதும்.

மயக்க மருந்துக்குப் பயப்படுவது நியாயமே. பிரிட்டனில் நடந்து 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி, மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், பூனைகளில் 0.11 சதவீதம். நோயுற்றவற்றில் இது பல மடங்கு கூடும். அதனால்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். நோய் முற்றி, வயதும் ஏறும்வரை தள்ளிப்போடுவதால் இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

இந்தப் பயத்தை வைத்து விற்கப்படுவதுதான் 'மயக்க மருந்து இல்லாத பல் சுத்தம்'. இதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கமும் இதைக் கடுமையாக எதிர்க்கிறது. விழித்திருக்கும் நாயைப் பிடித்துவைத்துச் சுரண்டினால் வெளியே தெரியும் காரை போகும், ஈறுக்கடியில் உள்ளது அப்படியே இருக்கும். கண்காணிப்பு என்ற கோணத்தில் இன்னொரு கெடுதல்: அடுத்த முறை உதட்டைத் தூக்கிப் பார்க்கும் மருத்துவரைச் சந்தேகப்பட வைத்திருக்கக்கூடிய அடையாளமும் போய்விடுகிறது.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், பூனைகளுக்கும் சிறிய, நடுத்தர நாய்களுக்கும் ஒரு வயதிலும், பெரிய நாய்களுக்கு இரண்டு வயதிலும் மயக்க மருந்தோடு முதல் பல் சுத்தத்தைச் செய்யச் சொல்கிறது. அன்று எழுதும் அட்டவணையின் நகலையும் எக்ஸ்-ரே படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். போன முறை 4 மில்லிமீட்டர் இருந்த இடம் இப்போது 6 ஆகியிருக்கிறதா என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். மருத்துவரை மாற்றினாலும் அவை கூடவே வரும்.

முயல் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். கடைவாய்ப்பற்கள் குறுகிய வாயின் உள்ளே ஒளிந்திருப்பதால், காது பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை விட்டுத்தான் விழிப்புநிலையில் பார்க்கிறார்கள். அதே பிரிட்டன் ஆய்வில், நோயுற்றவற்றையும் சேர்த்து முயல்களின் மயக்க மருந்து இறப்பு 1.39 சதவீதம். ஆகவே முயலுக்கு விழிப்புநிலைப் பரிசோதனையை அடிக்கடி செய்வதும், எடை குறைகிறதா, சாணம் சிறுக்கிறதா, மோவாய் நனைந்திருக்கிறதா என்று வீட்டில் பார்ப்பதும் முதலில் வரும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மயக்க மருந்தைத் தவிர்க்கப் பார்க்காமல், முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் மண்டையோட்டு எக்ஸ்-ரே எடுத்துவிடுவது நல்லது.