கட்டுப்பாட்டுக் கழி எங்கே நிற்க வேண்டும்? நான்கு கணக்கு முறைகள்

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியத்தை உலைக்குள் வைத்து நியூட்ரான் பட விட்டால் யுரேனியம்-233 கிடைக்கும். அதை எரிபொருளாகக் கொண்டு 1996இல் மாறுநிலையை (சங்கிலி வினை கூடாமல் குறையாமல் தானாகத் தொடரும் நிலையை) எட்டிய 30 கிலோவாட் காமினி உலை கல்பாக்கத்தில் இருக்கிறது. அதனால் பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆராய்ச்சி உலைக் கணக்கை எடுத்தால் எனக்குத் தனி சந்தோஷம். ஆனால் சமீப காலமாக அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், கழி எங்க நிக்கணும்னு மெஷின் லேர்னிங்கே சொல்லிருமே, பிறகு எதுக்கு மத்த கணக்கெல்லாம்?"

நியாயமான கேள்விதான். முறை முறையாகப் பார்த்துவிடலாம்.

கட்டுப்பாட்டுக் கழி என்பது நியூட்ரானை விழுங்கி உலையை அடக்கி வைக்கும் தண்டு. உலையைத் தொடங்கும் முன் அதை எவ்வளவு தூக்கினால் மாறுநிலை வரும் என்று இயக்குபவர் முன்கூட்டியே கணித்து வைத்திருக்க வேண்டும். கணித்த இடத்துக்கு வெகு முன்பே மாறுநிலை வந்தாலும், அந்த இடத்தைத் தாண்டியும் வராவிட்டாலும், எங்கோ கோளாறு என்று அர்த்தம். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி இதைத்தான் செய்தார். காட்மியக் கழியை ஒவ்வொரு முறை இழுக்கும் முன்பும் நியூட்ரான் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டுச் சொன்னார்.

முதல் முறை, ரியாக்டிவிட்டி வரவு செலவு. ரியாக்டிவிட்டி என்பது உலை மாறுநிலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. போன முறை மாறுநிலை வந்தபோது கழி நின்ற இடம் தெரியும். அதிலிருந்து இன்றைக்கு என்னென்ன மாறியிருக்கிறது என்று கூட்டிக் கழிக்க வேண்டும்: எரிந்த எரிபொருள், நீரின் வெப்பநிலை, செனான்-135, உள்ளே புதிதாக வைத்த மாதிரிப் பொருள். எரிபொருளுக்குத் தோராயக் கணக்கு உண்டு, ஒரு மெகாவாட்-நாளுக்குச் சுமார் 1.25 கிராம் யுரேனியம்-235 கழியும். பிளவின் விளைவாக உண்டாகி நியூட்ரானை விழுங்கும் செனான்தான் தலைவலி. அதன் அரை ஆயுள் சுமார் 9 மணி நேரம், அதைப் பெற்றெடுக்கும் அயோடின்-135க்குச் சுமார் 6.6 மணி நேரம். எனவே 100 மெகாவாட் துருவா போன்ற உலையை நிறுத்திய பிறகும் பல மணி நேரம் செனான் கூடிக்கொண்டே போகும். காமினியின் திறனுக்கு அது ஒரு பொருட்டே கிடையாது. கடைசியில் வரும் நிகர ரியாக்டிவிட்டியைக் கழியின் அளவுத்திருத்த வளைவில் (எவ்வளவு தூக்கினால் எவ்வளவு ரியாக்டிவிட்டி என்று காட்டும் வரைபடத்தில்) வைத்து இடத்தைப் படித்துக்கொள்ளலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். எங்கே தப்பு வந்தது என்று வரிவரியாகத் தேடிப் பிடிக்கவும் முடியும்.

இந்த வளைவில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற முறைகளின் தகுதியும் இங்கேதான் தெரியும். 60 செ.மீ. நீளக் கழி, அதன் மொத்த மதிப்பு, அதாவது முழுதும் தூக்கினால் கிடைக்கும் ரியாக்டிவிட்டி, 3000 பிசிஎம் என்று வைத்துக்கொள்வோம் (பிசிஎம் என்பது ரியாக்டிவிட்டியின் அலகு, லட்சத்தில் ஒரு பங்கு). நேர்கோடாக எண்ணினால் முதல் 15 செ.மீ. தூக்கியதும் 750 பிசிஎம் கிடைக்க வேண்டும். பாடப்புத்தகத்தின் சைன் சூத்திரப்படி கிடைப்பது சுமார் 270தான். அடுத்த 15 செ.மீ.க்குச் சுமார் 1230. நடுவில் ஒரு செ.மீ.க்கு 100 பிசிஎம் வரும். அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் 10கூடத் தேறாது. ஆக, கணக்கில் 100 பிசிஎம் பிழை வந்தால் நடுவில் அது ஒரு செ.மீ. ஓரத்தில் பல செ.மீ.!

அந்த 100 பிசிஎம் எவ்வளவு பெரிது என்பதும் உலைக்கு உலை மாறும். பிளவுக்குச் சற்றுப் பின்னால் வரும் தாமத நியூட்ரான்கள்தான் உலையைக் கட்டுப்படுத்த அவகாசம் தருகின்றன. யுரேனியம்-235இன் தாமத நியூட்ரான் பங்கு சுமார் 650 பிசிஎம், யுரேனியம்-233க்குச் சுமார் 270. அதே பிழை காமினி போன்ற உலையில் அந்த அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாப்பிட்டுவிடும்.

இரண்டாவது, டிஃப்யூஷன் நிரல்கள், அதாவது நியூட்ரான் பரவலை எளிய பரவல் சமன்பாட்டால் கணிக்கும் கணினி நிரல்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் சிட்டேஷன் இந்த வகையில் பழைய பெயர். நொடிகளில் விடை வரும், எரிபொருள் தேய்வை மாதக் கணக்கில் பின்தொடர வசதி. ஆனால் காட்மியம் போல நியூட்ரானை அப்படியே விழுங்கும் பொருளுக்குப் பக்கத்தில் டிஃப்யூஷன் தோராயமே ஆட்டம் காணும். சிறிய உலையில் நியூட்ரான் கசிவும் அதிகம். கழியின் இடத்தைச் சொல்ல இதை மட்டும் நம்ப மாட்டேன்.

மூன்றாவது, மான்டி கார்லோ. உலையின் வடிவத்தை உள்ளபடி வரைந்து, நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிறக்கவிட்டு, சாகும்வரை பின்தொடரும் முறை. இதற்கான நிரல்களில் எம்சிஎன்பிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஓப்பன்எம்சி இலவசம், வீட்டு லேப்டாப்பிலேயே ஓடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு நியூட்ரான்கள் வேண்டும் என்பதுதான் விலை. அதற்காகப் புள்ளியியல் பிழையை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. அணுத் தரவுகளின் நிச்சயமின்மையால் மட்டுமே பெருக்கக் காரணி (ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கு அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்ற விகிதம்) சில நூறு பிசிஎம் தள்ளிப் போகலாம். நல்ல வேளையாக, ஒரே மாதிரியில் இரண்டு நிலைகளின் வித்தியாசத்தை எடுத்தால் இந்தப் பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும். கழியின் மதிப்பு அப்படிப்பட்ட வித்தியாசம்தான்.

ஒரு செய்முறைக் குறிப்பு: மாறுநிலை இடத்தைத் தானாகத் தேடும் வசதி ஓப்பன்எம்சியில் உண்டு. கழியின் ஓரங்களில் அது புள்ளியியல் இரைச்சலில் அலைமோதும். ஐந்தாறு இடங்களில் தனித்தனியாக ஓட்டி, புள்ளிகள் வழியே வளைவைப் பொருத்துவது நல்லது.

நான்காவது, மெஷின் லேர்னிங். பல வருட இயக்கப் பதிவேடு கையில் இருந்தால் இது நிஜமாகவே உதவும். நாம் சமன்பாட்டில் எழுத மறந்ததும் பதிவேட்டில் ஒளிந்திருக்கும். பெரிலியம் பிரதிபலிப்பான் உள்ள உலைகளில் லித்தியம்-6, ஹீலியம்-3 மெல்ல மெல்லச் சேர்ந்து நியூட்ரானைத் தின்பது ஓர் உதாரணம். காஸியன் பிராசஸ் போன்ற முறைகள் விடையோடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துத் தரும்.

சரி, சிக்கல் எங்கே? இன்றைய திறனையும் வெப்பநிலையையும் மட்டும் கொடுத்தால் மாடலுக்குச் செனான் தெரியாது, முந்தைய இரண்டு மூன்று நாள் இயக்க வரலாறும் வேண்டும். எரிபொருளை இடம் மாற்றி அடுக்கினால் பழைய பதிவேடு பாதி செல்லாது. பல கழிகள் இருந்தால் வெவ்வேறு நிலைக் கூட்டுகளிலும் அதே மாறுநிலை வரும், எது விடை என்று மாடல் குழம்பும். மான்டி கார்லோவிலிருந்து தரவு தயாரித்துப் பழக்கினால், மான்டி கார்லோவின் பிழையும் அப்படியே கூட வரும், வேகம் மட்டும்தான் லாபம்.

என் தேர்வு இது: அடித்தளம் வரவு செலவுக் கணக்கு, வளைவுக்கு மான்டி கார்லோ, மெஷின் லேர்னிங்குக்கு மிச்சம் மட்டும். அதாவது மாடலிடம் செ.மீ. கேட்காதீர்கள். கணக்குக்கும் அளவீட்டுக்கும் நடுவே எத்தனை பிசிஎம் இடிக்கிறது என்று கேளுங்கள், அதைச் செ.மீ. ஆக்குவதை வளைவு பார்த்துக்கொள்ளும். நேரடியாக இடத்தைக் கற்றுக்கொண்ட மாடல், நடுவில் பழகியதை ஓரத்துக்கும் கொண்டுபோய்ப் பொருத்தும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஸ்லோவேனியாவில் லுப்லியானாவின் 250 கிலோவாட் டிரிகா ஆராய்ச்சி உலை நல்ல இடம். 1991இல் அங்கே நடந்த மாறுநிலைச் சோதனைகள் சர்வதேச ஒப்பீட்டுத் தொகுப்பில் முழு விவரத்தோடு இருக்கின்றன. அப்புறம், மாடலைச் சோதிக்கும்போது தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் மதிப்பெண் பொய்யாக ஏறும். ஓர் அடுக்கு மாற்றத்துக்கு முந்தையதில் பழக்கி, பிந்தையதில் சோதியுங்கள். அங்கே வரும் பிழையைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.