ரெட்ரோ பூ டிசைனுக்கு டியூப் குவாஷ்: நீண்ட நாள் அனுபவம்

பெரிய பெரிய பூக்கள், கடுகு மஞ்சள், செங்கல் ஆரஞ்சு, ஆலிவ் பச்சை, காப்பிக்கொட்டை நிறம். 1960, 70களின் துணிகளிலும் சுவர்த்தாள்களிலும் மலர்ந்த அந்தப் பாணியில் கையால் டிசைன் வரைய, சில ஆண்டுகளாக டியூப் குவாஷைத்தான் (தண்ணீரில் கரைத்துப் பூசும், ஒளி ஊடுருவாத வண்ணம்) பயன்படுத்துகிறேன். வாட்டர் கலர், ஆல்கஹால் மார்க்கர் இரண்டிலும் வரைந்து பார்த்தாயிற்று. இந்த வேலைக்கு குவாஷ்தான் என்பது என் முடிவு.

வலைச் சட்டம் வழியாக மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். அதனால்தான் அந்தக் காலப் பூக்களில் நிறங்கள் குறைவு, நிழல் இல்லை. ஃபின்லாந்துத் துணி நிறுவனமான மரிமெக்கோவுக்காக 1964-இல் மையா இசோலா வரைந்த உனிக்கோ என்ற பாப்பிப் பூ டிசைனைப் பாருங்கள்: வெறும் நிறப் பரப்புகள்தான், ஆனால் விளிம்பில் கையின் நெளிவு தெரியும். குவாஷ் அடியில் இருப்பதை மறைத்து, பளபளப்பில்லாமல் சமமாகக் காய்கிறது. மார்க்கரில் கோட்டின் மேல் கோடு ஏறிய இடமெல்லாம் கருத்துப்போகும்.

தொல்லைகளும் உண்டு. வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்றுக் கருக்கும், அடர் நிறங்கள் வெளுக்கும். பாதியில் தீர்ந்த நிறத்தை மறுபடி அதேபோல் கலப்பது பெரும்பாடு. ஒவ்வொரு நிறத்தையும் முதலிலேயே தாராளமாகக் கலந்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் வைத்து, துண்டுக் காகிதத்தில் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகே வரைய உட்காருங்கள். அப்புறம், காய்ந்த குவாஷ் தண்ணீர் பட்டால் மீண்டும் கரையும். மேல் அடுக்கைக் கெட்டியாக, ஒரே இழுப்பில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ரிப்பீட் அமைப்பது, அதாவது அடுத்தடுத்து அடுக்கினால் இணைப்புத் தெரியாமல் தொடரும்படி டிசைனை ஆக்குவது. விளிம்பைத் தொடாமல் தாளின் நடுவில் பூக்களை வரைந்து, தாளை நெடுக்கில் இரண்டாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கம் மாற்றிப் பின்புறம் டேப் ஒட்டுகிறேன். அடுத்து குறுக்கில் வெட்டி, மேல் பாதியைக் கீழே மாற்றுகிறேன். இப்போது நடுவில் திறக்கும் வெற்றிடத்தில் மொட்டும் இலையும் நிரப்பினால், நான்கு பக்கமும் தானாகப் பொருந்தும். இதை டிரேசிங் தாளில் பென்சிலால் முடித்துவிட்டு, அப்புறம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த, வழுவழுப்பான தாளுக்கு மாற்றி வண்ணம் தீட்டுவது நல்லது. வெட்டு விழுந்த தாளில் வண்ணம் ஓரத்தில் ஊறும்.

முடிந்ததும் உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஓபரா ரோஸ் போன்ற பளீர் பிங்க் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். ஸ்கேனில் தூசியை மட்டும் நீக்குங்கள், பிரஷ் விளிம்பை மென்பொருளால் நேராக்காதீர்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு பெரிய செட் தேவையே இல்லை. மஞ்சள், சிவப்பு, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு, கறுப்பு, வெள்ளை போதும். மஞ்சளில் துளி கறுப்பு சேர்த்தாலே அருமையான ஆலிவ் பச்சை கிடைக்கிறது. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.