எட்டாவது ஆளுக்கும் சுடுதண்ணி: ஆயர் ஈத்தாம்ல மூணரை வருஷ சோலார் ஹீட்டர் அனுபவம்

போன தீபாவளிக்கு விடியக்காலை நாலரை மணிக்கு ஆரம்பிச்சு எங்க வீட்டுல எட்டு பேரு எண்ணெய் தேச்சு வரிசையா குளிச்சோம், எட்டாவது ஆளுக்கும் நல்ல சூடா தண்ணி வந்துச்சு. இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, 2022 தீபாவளிக்கு கூரையில இருக்கற இதே சோலார் ஹீட்டர் டாங்கி மூணாவது ஆளோட கைய விரிச்சிடுச்சு, எங்கம்மா தலை நிறைய எண்ணெயோட கிச்சன்ல நின்னு பானையில தண்ணி காய வச்சாங்க. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, ஏன்னா அவங்க முட்டிவலிக்காகத்தான் இதையே வாங்கினேன்.

எங்க மலேசியா பினாங்குல சோலார் சுடுதண்ணி போடலாமான்னு யாரக் கேட்டாலும் ரெண்டே பதில்தான் வருது. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்னு ஒருத்தர், மழைக்காலத்துல சுத்தமா வேலைக்கு ஆகாதுன்னு இன்னொருத்தர். ரெண்டுமே சரியில்ல, அதான் உக்காந்து எழுதுறேன்.

எங்களது பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ரெண்டு மாடி தெரஸ் வீடு, அதாவது ஒட்டி ஒட்டி இருக்கற வரிசை வீடு. 200 லிட்டர் டாங்கி, 24 வேக்குவம் டியூப் (நடுவுல காத்த எடுத்துட்ட ரெட்டைக் கண்ணாடிக் குழாய்), வெயில் பத்தாதப்ப கரண்டுல சுட வைக்க டாங்கிக்குள்ள 3 கிலோவாட் பூஸ்டர், எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி (ரிங்கிட்), 2022 மார்ச்ல போட்டது. பிராண்ட் பேரு எழுதல, ஏன்னா சாமான் மேல எனக்கு குறையே கிடையாது, போட்ட விதத்துலதான் குறை. பம்பு எதுவும் இல்ல, டியூப்ல சூடாகுற தண்ணி தானா மேல ஏறி டாங்கிக்குப் போகுது, ஆறின தண்ணி கீழ இறங்குது, அவ்வளவுதான், கெட்டுப்போக அதிகமா ஒண்ணும் இல்ல.

வெயில் பத்தி சொல்லிடுறேன். ஆயர் ஈத்தாம் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம், மத்தியானம் ரெண்டு மணி ஆனா மலை மேல மேகம் வந்து உக்காந்துக்கும், அப்படியே தெளிஞ்சாலும் அஞ்சு மணிக்கு மேல சூரியன் மலைக்குப் பின்னால போயிடும். ஆனா மேகம் மூடினா சூடே வராதுன்னு இல்ல. நேரா விழுற வெயில் போனாலும் மேகத்துல சிதறி எல்லாப் பக்கமும் வர்ற வெளிச்சம் இருக்குல்ல, டியூப் உருண்டையா இருக்கறதால அதையும் கொஞ்சம் வாங்கிக்கும். நான் ஒரு வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்கு டாங்கி மீட்டரப் பார்த்து காலண்டர்ல குறிச்சு வச்சேன், நல்ல வெயில் நாள்ல 60க்கு மேல, மந்தாரமான நாள்ல 42ல இருந்து 45, நாள் பூரா மழைன்னா 34, 35. குழாய்த் தண்ணியே 27 டிகிரில வருது, அதனால 40ஐத் தாண்டினாலே குளிக்கப் போதும். ஜெர்மனி மாதிரி ஊர்ல பச்சத்தண்ணி ஐஸ் மாதிரி வரும், அங்கயே கூரையில இத போட்டு ஓட்டுறாங்க, நமக்கு ஏத்த வேண்டிய சூடு அதுல பாதி இருக்குமா இருக்கும்.

விக்கிறவங்க வேக்குவம் டியூப்தான் உசத்தி, தட்டையா பெட்டி மாதிரி இருக்கற பிளாட் பேனல் வேணாம்னு அடிச்சுப் பேசுவாங்க. வேக்குவம் எதுக்குன்னா உள்ள வாங்கின சூடு வெளிய குளிர்ல போயிடாம இருக்க. வெளிய அஞ்சு டிகிரி இருக்கற ஊர்ல அது பெரிய விஷயம், இங்க வெளியவே 30 டிகிரி, சூடு தப்பிச்சுப் போறது கம்மிதான், அதனால நல்ல பிளாட் பேனல் மலிவா கிடைச்சா தைரியமா எடுக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். போட்டுக் குடுத்தவரு பூஸ்டர் சுவிட்ச ஆன்ல வச்சிட்டு, இத தொடாதீங்க எப்பவும் சுடுதண்ணி இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசத்துல கரண்டு பில் ஏறுது. குழாயத் தொறந்ததும் அப்பப்ப சுட வைக்கற, டாங்கி இல்லாத பழைய இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருந்தப்பவே இதவிட கம்மியாதான் வந்துச்சு, அப்ப சோலார் எதுக்குன்னு ஒரே குழப்பம். விஷயம் என்னன்னா, ராத்திரி எல்லாரும் குளிச்சு முடிச்சதும் டாங்கில பச்சத்தண்ணி நிறையுது, உடனே பூஸ்டர் அத கரண்டுல சுட வச்சிடுது, காலையில சூரியன் வரும்போது டாங்கி ஏற்கனவே சூடா நிக்குது, சூரியனுக்கு செய்ய வேலையே இல்ல. 200 லிட்டர 27ல இருந்து 55க்கு ஏத்த ஆறரை யூனிட் வேணும். இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.6 கிலோவாட், ஒரு ஆளுக்கு பத்து நிமிஷம்னா 0.6 யூனிட், அஞ்சு பேருக்கு மூணு யூனிட்டோட முடிஞ்சது. கணக்கப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துல பூஸ்டர ஒரேயடியா ஆஃப் பண்ணிட்டேன், பில் இறங்கிச்சு, சந்தோஷமா இருந்தோம், அப்புறம் அக்டோபர் வந்துச்சு. பினாங்குல அதுதான் நல்ல மழை மாசம், நாலு நாள் விடாம பேஞ்சு டாங்கி 34ல நிக்க, தீபாவளியும் வந்துச்சு.

போட்ட கடைக்கு மூணு தடவ போன் பண்ணேன், வெயில் இல்லன்னா நாங்க என்ன பண்றதுன்னு ஒரே பதில். அப்புறம் ஒரு சொந்தக்காரங்க சொல்லி பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, அவரு கூரையில ஏறினதும் கேட்ட மொத கேள்வி, ஏன் மலைப்பக்கம் போட்டாங்கன்னு. பாத்ரூம் பின்னால இருக்கு, பைப்பு கம்மியா செலவாகும், அதுக்காக மேற்குக் கூரையில வச்சிட்டாங்க. நம்ம ஊர்ல காலை வானம் தெளிவு, மத்தியானம்தான் மேகம் கட்டும், அப்ப கிழக்குப் பக்கம்தான் சரின்னு சொல்லி முன் கூரைக்கு மாத்தினாரு, 650 வெள்ளி. மந்தார நாள்ல நாலஞ்சு டிகிரி கூட வருது இப்ப. அப்புறம் பூஸ்டருக்கு ஒரு டைமர் போட்டாரு, சாயங்காலம் ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் மட்டும், தெர்மோஸ்டாட் 50ல, அந்தச் சூடு வந்ததும் தானா நின்னுடும். சூரியன் தன் வேலைய முடிச்ச பிறகு எது குறையுதோ அத மட்டும் கரண்டு போட்டுக் குடுக்கும். வெயில் அடிச்ச நாள்ல பூஸ்டர் ஓடவே ஓடாது, மழை நாள்ல 35ல இருந்து 50க்கு ஏத்த ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, மூணரை யூனிட். ராத்திரி முழுக்க டாங்கி மூணு டிகிரிதான் இறங்குது. இந்த டைமர் அம்பது அறுபது வெள்ளி சாமான், மொத நாளே ஏன் போடலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

இன்னொண்ணும் அந்த அண்ணன் சொன்னதுதான். தண்ணி 20ல இருந்து 45 டிகிரிக்குள்ள நாள் கணக்கா நின்னா நுரையீரல் காய்ச்சல் குடுக்கற லெஜியோனெல்லா கிருமி வளரும், மழை வாரத்துல நம்ம டாங்கி அங்கதான் நிக்குது. அதனால வாரம் ஒரு தடவ 60க்கு ஏத்துறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் ஆச்சு. ஆனா 60 டிகிரி தண்ணி சில நொடியில தோல வேக வச்சிடும், பிள்ளைங்க, வயசானவங்க இருக்கற வீட்டுல டாங்கில இருந்து வர்ற பைப்புல பச்சத்தண்ணியக் கலந்து சூட்டக் குறைக்கற மிக்ஸிங் வால்வு கண்டிப்பா கேளுங்க, கேக்காம யாரும் போட மாட்டாங்க. டாங்கிக்குள்ள இருக்கற மெக்னீசியம் கம்பியையும் மறக்காதீங்க, துரு டாங்கிய அரிக்காம அந்தக் கம்பி தன்னைக் குடுத்துக்கும், ரெண்டரை வருஷத்துல எங்களது கரைஞ்சு நடுக்கம்பி மட்டும் மிச்சம் இருந்துச்சு.

பணம் திரும்பி வருமான்னு கேட்டா நேராவே சொல்றேன், சீக்கிரம் வராது. நாங்க போட்டப்ப இருந்த டிஎன்பி (கரண்டு கம்பெனி) கட்டணத்துல 301வது யூனிட்ல இருந்து 51.6 காசு, மாசம் 90 யூனிட் மிச்சம்னா கூட 46 வெள்ளி, 4,800க்கு ஒம்போது வருஷம் ஆகும், மழை நாள் பூஸ்டரக் கழிச்சா இன்னும் நீளும். காசுக்காக மட்டும்னா இன்ஸ்டன்ட் ஹீட்டரே போதும். மழை மாதிரி கொட்டுற ஷவர், ரெண்டு பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல சுடுதண்ணி, அம்மா அவசரமில்லாம நின்னு குளிக்கிறது, இதுக்குத்தான் நான் குடுத்தேன்.

கோலாலம்பூர்ல செந்தூல்ல மச்சான் வீட்டுல ஹீட் பம்பு போட்டிருக்காங்க, பக்கத்துல உசரமான கொண்டோ அடுக்குமாடி, கூரையில பாதி நாள் நிழல். ஹீட் பம்புன்னா ஏர்கோன் (ஏசி) மாதிரிதான், ஆனா தலைகீழா, வெளிக்காத்துல இருக்கற சூட்ட இழுத்து தண்ணிக்குக் குடுக்குது. நம்ம காத்து எப்பவும் வெதுவெதுப்பு, அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடுக்கு மேல கிடைக்குது, எங்க டாங்கி அளவு தண்ணிய ரெண்டு யூனிட்ல சுட வச்சிடும், மழையோ ராத்திரியோ கவலையில்ல. சத்தம் இருக்கு, கீழ தண்ணி சொட்டும், பின்கட்டுல இடம் வேணும். மலை நிழல்ல மேற்குக் கூரை மட்டும்தான் இருக்குன்னா நான் இன்னைக்கு அதத்தான் வாங்குவேன்.

கிழக்குப் பார்த்த கூரை சும்மா கிடந்தா சோலார் போடுங்க. ஆள் வந்து கூரையில ஏறும்போதே டைமர் எங்க வைக்கப் போறீங்கன்னு கேளுங்க, தேவையில்லன்னு சொன்னா வேற ஆளப் பாருங்க. பட்டர்வொர்த் அண்ணன் வர்ற மாசம் அடுத்த கம்பி மாத்த வர்றாரு, அம்மா இப்பவே அவருக்கு பசியாற என்ன செய்யலாம்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.