விண்ட்ஹாண்டின் 'சோமா': கிட்டாருக்கு உள்ளே ஒரு குரல்

மெதுவாக, கனமாக நகரும் டூம் மெட்டல் இசையில் பெண் பாடுகிறார் என்றாலே, கிட்டார் இடிக்கு மேலே தேவதைக் குரல் ஒன்று மிதந்து வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஓபரா பாணியில் உச்சம் தொடும் கோதிக் மெட்டல் ஆல்பங்கள் வளர்த்துவிட்ட பழக்கம் அது. அதை நினைத்து 'சோமா'வைப் போட்டால் ஏமாற்றம்தான். விண்ட்ஹாண்ட் குழுவின் பாடகி டோர்தியா காட்ரெலின் குரல் இங்கே கிட்டாருக்கு மேலே நிற்பதில்லை, உள்ளே கலந்து கிடக்கிறது. ஆல்பத்தின் ஈர்ப்பே அதில்தான்.

விண்ட்ஹாண்ட், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரத்துக் குழு. 'சோமா' அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். ரிலாப்ஸ் நிறுவனம் 2013 செப்டம்பரில் வெளியிட்டது. பதிவு செய்தவர் குழுவின் கிட்டார் கலைஞர் காரெட் மோரிஸ். மொத்தம் 6 பாட்டு, ஏறக்குறைய 75 நிமிடம். அதில் கடைசிப் பாட்டான 'போல்ஸ்கின்' மட்டுமே 30 நிமிடம்.

இந்தக் குரல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். டூம் குழுக்கள் கம்பியைத் தளர்த்தி அதற்கும் கீழே இறங்குவார்கள். தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 1971 ஆல்பத்திலேயே அப்படி இறங்கிவிட்டார். தளர்ந்த கம்பியை அழுத்துவது அவருக்குச் சுலபம். ஆனால் ஸ்வரம் கீழே போனாலும், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் சும்மா இருப்பதில்லை. ஒலி அலையின் உச்சியை அது வெட்டித் தட்டையாக்கும்போது புதிய மேல் ஒலிகள் கிளம்பி, மனிதக் குரல் உலவும் நடுப்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. அந்த நெரிசலில் உரக்கப் பாடினால் இரண்டும் மோதும். காட்ரெல் உரக்கப் பாடுவதில்லை. உயிரெழுத்துகளை நீளமாக இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களில் மெல்ல நகர்கிறார். எதிரொலி போல ஒலியை நீட்டும் ரிவெர்ப், ஸ்வரங்களின் ஓரங்களையும் மழுக்கிவிடுகிறது. வரிகள் பாதி புரியாது. மெட்டு மட்டும் நாள் முழுக்கக் கூடவே வரும்.

தம்புரா சுருதியோடு பாட்டு கேட்டுப் பழகியவர்களுக்கு, ஒரே ஆதார ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் கிட்டார் துணுக்கு, அந்நியமாகத் தெரியாது. சிலருக்கு இது ஒப்பாரி போலத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒப்பாரியில் குரல் உடையும்; இவர் குரல் எங்குமே உடைவதில்லை. அழுகையைக் கிட்டார்கள் பார்த்துக்கொள்கின்றன.

முதல் தடவை வரிசைப்படி கேட்க வேண்டாம். நான்காவது பாட்டு 'எவர்கிரீன்'. அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும்தான், ஃபஸ் கிடையாது. அதைக் கேட்டுக் குரலை அடையாளம் பிடித்துக்கொண்டு, பிறகு 'வுட்பைன்' போடுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடினாலும் ஆல்பத்தின் மிக நல்ல மெட்டு அதுதான். அதே குரல் கிட்டார் சுவருக்குள் எப்படிப் போய் ஒளிகிறது என்று அங்கே தெளிவாகக் கேட்கும். குறையும் உண்டு. தொடக்கத்தில் வரும் மூன்று பாட்டும் கிட்டத்தட்ட ஒரே நடை. 13 நிமிட 'கேசக்'கில் மூன்று நிமிடம் குறைத்திருந்தால் நஷ்டமில்லை.

'போல்ஸ்கின்' காற்றுச் சத்தத்தோடும் மெல்லிய கிட்டாரோடும் தொடங்குகிறது. கோலாலம்பூர் வீட்டில் சீலிங் ஃபேன் மூன்றில் சுற்றும்போது அந்தக் காற்று காதுக்கு எட்டாது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து வால்யூமைக் கூட்டுவோம், கனத்த ரிஃப் இறங்கும்போது காது அதிரும். ஃபேனை நிறுத்துங்கள், வால்யூமை 'வுட்பைன்' அளவிலேயே விடுங்கள்.

போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்பது வீண். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. அடித்தளம் போய் ஃபஸின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். எல்ஆர்டியில் கேட்பவர்கள் இயர்பட்டின் சிலிகான் முனை காதை முழுக்க அடைக்கிறதா என்று பாருங்கள். சிறிது இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிதான், மிச்சத்தை ரயில் சத்தம் விழுங்கிவிடும். பேஸ் பூஸ்ட் போடாதீர்கள். கிட்டாரும் பேஸும் ஒட்டிக் கூழாகிவிடும். கொண்டோவில் சப்வூஃபர் வைத்திருந்தால் மூலையில் வேண்டாம். மூலை தாழ்ந்த ஒலியைப் பெருக்கும், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

வாங்குவதென்றால் சிடியே என் தேர்வு. 75 நிமிடமும் ஒரே தட்டில் அடங்குவதால் இடையில் எழுந்து திருப்ப வேண்டியதில்லை. இசைத்தட்டில் ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டத் தாண்டப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்காக ஒலியளவையும் பேஸையும் குறைப்பார்கள். 30 நிமிடப் பாட்டுள்ள டூம் ஆல்பத்துக்கு அது பெரிய இழப்பு. இருந்தாலும் இசைத்தட்டுதான் வேண்டும் என்பவர்கள், ஆம்கார்ப் மால் வாரயிறுதிச் சந்தை போன்ற இடங்களில் பழையது கண்ணில் பட்டால் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். கழுவினால் போகும், ஆனால் பழைய காகித உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது உறை போடாவிட்டால் திரும்பவும் வரும். வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போங்கள், வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் தட்டு வளைந்துவிடும்.

இந்தக் குரலைக் கனம் இல்லாமல் கேட்க ஆசைப்பட்டால், காட்ரெல் 2015-இல் தன் பெயரிலேயே தனி ஆல்பம் ஒன்று வெளியிட்டிருக்கிறார். 'எவர்கிரீன்' பிடித்தவர்கள் அடுத்து அங்கே போகலாம். கனம்தான் வேண்டும், வேறு வண்ணத்தில் வேண்டும் என்றால், இரண்டு வயலின்களோடு வாசித்த சப்ரோசா குழுவின் 2013 ஆல்பத்தைத் தேடுங்கள்.